ஆறினால் உறைய வேண்டும்

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த முதல் வாரத்தில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், பேசி வைத்துக்கொண்டதுபோல ஒன்றையே சொல்லிவிட்டுப் போனார்கள். "எலும்பு சூப் வெச்சுக் குடும்மா. எலும்பு சீக்கிரம் கூடும்."

அப்பா அப்போது எதையுமே சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு கவளம் உள்ளே போனதும் "போதும்மா" என்று தட்டைத் தள்ளிவிடுவார். மாத்திரையால் வாய்க் கசப்பு, வலி, நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது, எல்லாம் சேர்ந்து பசியை விரட்டியிருந்தன. கன்னம் ஒட்டிக்கொண்டே போவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, யாராவது ஒரு வழி சொன்னால் போதும், செய்துவிடலாம் என்றுதான் இருந்தது.

அதுவரை நான் எலும்பு சூப் வைத்ததே இல்லை. கறிக்கடையில் நல்லி எலும்பு ஒரு கிலோ வாங்கினேன். பெரிய பாத்திரத்தில் போட்டு, விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, அடுப்பை முழுத்தீயில் வைத்து ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். கிடைத்தது சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல் தண்ணீர். மேலே எண்ணெய், அடியில் வண்டல். உப்பும் மிளகும் போட்டும் சுவை ஏறவில்லை. அப்பா இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "மீதியை நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்று டம்ளரைக் கீழே வைத்தார். அவர் என்னை வருத்தப்படுத்தக் கூடாது என்று சொன்னது அது. மறுநாள் அந்த டம்ளரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து, எலும்புக்குள் என்னதான் இருக்கிறது, தண்ணீருக்குள் எது வரும், எது வராது என்று படிக்க ஆரம்பித்தேன். இந்தப் பதிவு அந்த இரவிலிருந்து இன்றுவரை, ஏறக்குறைய ஒன்றரை வருடம் வாரா வாரம் அடுப்படியில் நின்று நான் தெரிந்துகொண்டது.

எலும்பு என்றதும் கல் மாதிரி ஒரு பொருள்தான் நம் மனதில் வரும். உண்மையில் அது இரண்டு பொருள்களின் பின்னல். எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம், கொஞ்சம் தண்ணீர். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு கோழி எலும்பைச் சுத்தமான வினிகரில் முழுக மூழ்கவைத்துச் சில நாள் விட்டுவிட்டால், தாது கரைந்துபோய் எலும்பு ரப்பர் மாதிரி வளையும். வளைகிற அந்தப் பகுதிதான் கொலாஜன். எலும்பைத் தீயில் நன்றாகச் சுட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும். கொலாஜன் எரிந்துபோய், தாது மட்டும் நிற்கும். விரலால் நசுக்கினாலே பொடியாகிவிடும்.

சூப்புக்கு வேண்டியது அந்த வளைகிற பகுதி. கொலாஜன் மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு போன்றது. தண்ணீரில் 60, 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறும்போது அந்த முறுக்கு தளர ஆரம்பிக்கும். இழைகள் பிரிந்து மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கும். இறங்கிய பிறகு அதற்குப் பெயர் ஜெலட்டின். சூப் ஆறும்போது இழைகள் மறுபடி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். முழுசாக முடியாது. ஒன்றோடொன்று அங்கங்கே சிக்கி ஒரு வலைபோல ஆகும். அந்த வலைக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். நூறு பங்குக்கு ஓரிரண்டு பங்கு ஜெலட்டின் இருந்தாலே போதும், மீதித் தண்ணீர் முழுவதையும் பிடித்து நிறுத்திவிடும். ஃப்ரிட்ஜில் வைத்த சூப் காலையில் ஜெல்லி மாதிரி உறைந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். அதை மறுபடி சூடாக்கினால் ஏறக்குறைய 35 டிகிரியிலேயே இளகிவிடும். நம் உடம்பின் சூடு அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால்தான் நல்ல சூப் நாக்கில் வழுவழுப்பாக நிறைகிறது, குடித்து முடித்ததும் உதடு லேசாக ஒட்டுகிறது.

இதைப் படித்ததும் என் முதல் சூப் ஏன் தண்ணீராகவே நின்றது என்று புரிந்துவிட்டது. நான் வாங்கியது நல்லி. நல்லிக்குள் இருக்கும் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு. அதற்குத் தனிச் சுவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழாய் எலும்பின் நடுப்பகுதியில் குருத்தெலும்பு கிடையாது, தசைநார் கிடையாது, தோல் கிடையாது. கொலாஜன் எளிதாக வெளியே வருவது அந்த மூன்றிலிருந்துதான். கெட்டியான எலும்புக்குள் தாதுவோடு பின்னிக் கிடக்கும் கொலாஜன் அவ்வளவு சுலபமாக இறங்கிவராது. போதாததற்குத் தண்ணீரை வேறு விளிம்புவரை ஊற்றியிருந்தேன்.

ஆகவே எலும்பு வாங்கும்போது இப்போது நான் கேட்பது மூட்டு. முழங்கால் மூட்டு, கால், வால், கழுத்து. கோழி என்றால் இறக்கை நுனி, கழுத்து, முக்கியமாகக் கோழியின் பாதம். பார்க்க அழகில்லாத அந்தப் பாதத்தில் தோலும் தசைநாரும் குருத்தெலும்பும்தான் நிறைந்திருக்கின்றன. ஒரு கிலோ கோழி எலும்போடு நான்கு பாதம் சேர்த்தால் சூப்பின் தன்மையே மாறிவிடும். இளம் விலங்கின் எலும்பாக இருந்தால் இன்னும் நல்லது. வயது ஆக ஆகக் கொலாஜன் இழைகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்புகள் கூடிக்கொண்டே போகும், கரைய நேரம் எடுக்கும். நல்லியை நான் முழுவதுமாக விட்டுவிடவில்லை. மூன்று பங்கு மூட்டுக்கு ஒரு பங்கு நல்லி, அப்புறம் கொஞ்சம் கறி ஒட்டிய எலும்பு. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். எலும்பு தருவது வழுவழுப்பு, கறி தருவது சுவை. ஒட்டச் சுரண்டிய வெள்ளை எலும்பை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் வாயில் வைக்க ஒன்றும் இருக்காது.

எலும்பைப் பெரிதாக விடாமல் சிறு துண்டாக வெட்டித் தரச் சொல்லலாம், சீக்கிரம் சாறு இறங்கும். ஆனால் வெட்டும்போது தெறிக்கும் சில்லுகளை வீட்டில் நிறையத் தண்ணீர் விட்டு அலசிக் கழுவ வேண்டும்.

அடுத்து, கலங்கல். கழுவிய எலும்பைப் பாத்திரத்தில் போட்டு, மூழ்கும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் ஐந்து, பத்து நிமிடம் விட்டு, அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட வேண்டும். சத்து எல்லாம் போய்விடுமே என்று முதலில் எனக்கும் தயக்கமாக இருந்தது. போவது ரத்தமும் அழுக்கும் வெளிப்பரப்பில் இருக்கும் கொஞ்சம் புரதமும்தான். ஜெலட்டின் இறங்க மணிக்கணக்கு ஆகும், பத்து நிமிடத்தில் அது எங்கும் போய்விடாது. எலும்பை மறுபடி கழுவி, பாத்திரத்தையும் கழுவி, புதிதாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் எலும்பைப் போடக் கூடாது. தண்ணீர் மெல்ல மெல்லச் சூடேறும்போது, கரைந்து வரும் புரதம் பெரிய திரளாகத் திரண்டு நுரையோடு மேலே மிதக்கும். கரண்டியால் அள்ளிப் போட்டுவிடலாம். திடீரென்று சூடு பட்டால் அதே புரதம் பொடிப்பொடியாகச் சுருண்டு சூப் முழுக்கப் பரவிவிடும். அதை எந்த வடிகட்டியாலும் பிடிக்க முடியாது.

தண்ணீர் எவ்வளவு? எலும்புக்கு மேலே இரண்டு விரற்கடை நின்றால் போதும். எடைக்கணக்கில் ஒரு கிலோ எலும்புக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். இதற்கு மேல் ஊற்றினால் சுவையும் இல்லை, உறைவதும் இல்லை. வற்றி எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தால் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம்.

சூடு. இதில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. சூப் கொதிக்கக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும்ப வேண்டும், அவ்வளவுதான். 85 முதல் 95 டிகிரிவரை இருந்தால் நல்லது. தளதளவென்று கொதித்தால் மிதக்கும் கொழுப்பு சின்னச் சின்னத் துளிகளாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். ஜெலட்டினே அந்தத் துளிகளைப் பிரியவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக வேண்டும் என்று விரும்புகிறவர்கள் வேண்டுமென்றே அப்படிக் கொதிக்கவிடுவார்கள், அது தவறில்லை. ஆனால் படுத்திருக்கும் ஒருவருக்கு, எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டாலே குமட்டும் நிலையில் இருப்பவருக்கு, தெளிந்த சூப்தான் இறங்கும். என் அடுப்பின் மிகச் சிறிய தீ கூட அதிகமாக இருந்ததால், பழைய தோசைக்கல் ஒன்றை அடியில் போட்டு அதன்மேல் பாத்திரத்தை வைத்தேன். அன்றுதான் முதல்முறையாக சூப் பொன்னிறத் தெளிவோடு வந்தது. வடிகட்டியதும் அதன் அடியில் கிடந்த கரண்டி தெரிந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நேரம் எலும்பைப் பொறுத்தது. மீன் எலும்புக்கு அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் கசக்கும். மீனின் கொலாஜன் குறைந்த சூட்டிலேயே தளர்ந்துவிடும். கோழிக்கு மூன்று, நான்கு மணி நேரம். ஆட்டெலும்புக்கு ஐந்து, ஆறு. மாட்டெலும்புக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. இணையத்தில் 24 மணி நேரம், 48 மணி நேரம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். நானும் ஒருமுறை 24 மணி நேரம் வைத்துப் பார்த்தேன். சுவை மங்கிப்போய், வாசனையில் ஒரு பழைய நெடி வந்தது. உறைவும் தளர்ந்துதான் இருந்தது. நீண்ட நேரச் சூட்டில் ஜெலட்டின் இழைகளே துண்டு துண்டாக உடைந்துவிடும், உடைந்த இழைகளால் வலை பின்ன முடியாது. ஆட்டெலும்புக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்கும் எரிவாயு வீண் என்பது என் கருத்து.

குக்கரில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. குக்கர் பிறந்ததே எலும்புக்காகத்தான். பிரான்ஸைச் சேர்ந்த டெனி பாப்பான் 1679இல் லண்டனில் உருவாக்கிய அழுத்தப் பாத்திரம்தான் இன்றைய பிரஷர் குக்கரின் முன்னோடி. எலும்பை மென்மையாக்கும் இயந்திரம் என்றுதான் அவரே 1681இல் அதை விவரித்து எழுதினார். ஏழைகள் தூக்கி எறியும் எலும்பிலிருந்து உணவு எடுத்துவிட முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. மூடி வெடிக்காமலிருக்க அவர் பொருத்திய பாதுகாப்பு வால்வு, பின்னால் நீராவி இயந்திரங்களுக்கே பயன்பட்டது. 1682 ஏப்ரல் 12 அன்று ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் உறுப்பினர்கள் சிலருக்கு அந்தப் பாத்திரத்தில் சமைத்து விருந்து வைத்தார். விருந்தில் இருந்த ஜான் ஈவ்லின், மிகக் கடினமான மாட்டெலும்புகூடப் பாலாடைக்கட்டி மாதிரி மென்மையாகிவிட்டது என்று தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த அன்று என் அடுப்பிலிருந்த குக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். முந்நூற்று நாற்பது வருடத்துக்கு முன் ஒருவர் பட்ட கவலை அந்த வெயிட்டின் அடியில் இருக்கிறது.

குக்கருக்குள் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடேறுவதால் வேலை வேகமாக நடக்கும். கோழிக்கு ஒன்றரை மணி நேரம், ஆட்டு மூட்டுக்கு இரண்டு மணி நேரம் போதுமானது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரையை முதலிலேயே எடுத்துவிட்டு, அப்புறம்தான் மூட வேண்டும், இல்லாவிட்டால் நுரை வால்வை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். ஒவ்வொரு விசிலுக்கும் அழுத்தம் சட்டென்று குறைந்து உள்ளே தண்ணீர் பொங்கிக் கொதிக்கும், சூப் கலங்கும். முடிந்த பிறகும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாமல், தானே அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசர நாட்களில் நான் குக்கர்தான் வைக்கிறேன். அப்பா கண்டுபிடித்துவிடுவார். "இன்னிக்கு வாசனை கம்மி" என்பார். சரிதான், வாசனை குக்கரில் கொஞ்சம் குறைகிறது.

வெங்காயம், காரட், இஞ்சி, மிளகு எதுவாக இருந்தாலும் கடைசி ஒரு மணி நேரத்தில் போட்டால் போதும். முதலிலேயே போட்டால் அவற்றின் வாசனை ஆவியாகப் போய்விடும், குழைந்து சூப்பையும் கலக்கும். உப்பு வடிகட்டிய பிறகு, குடிக்கும் நேரத்தில். வற்ற வற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும் என்பதால் முன்னால் போடுவது ஆபத்து. எலும்பை முதலில் அடுப்பில் வறுத்தெடுத்து, அதாவது ஓவனில் 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்து, பழுப்பு நிறம் வந்த பிறகு சூப் வைக்கும் முறையும் உண்டு. நிறமும் சுவையும் ஆழமாக வரும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை என்பதால் நான் அதில் அதிகம் பழகவில்லை.

இனி வினிகர் விஷயம். ஒரு கரண்டி வினிகர் ஊற்றினால் எலும்பிலிருக்கும் கால்சியம் எல்லாம் சூப்பில் இறங்கிவிடும் என்று கிட்டத்தட்ட எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. நானும் முதல் சில மாதம் ஊற்றினேன். அப்புறம்தான் அந்தக் கோழி எலும்புச் சோதனை நினைவுக்கு வந்தது. சுத்தமான வினிகரிலேயே எலும்பு வளையச் சில நாள் ஆகிறது. மூன்று லிட்டர் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர், அதுவும் எலும்பிலிருந்து கொஞ்சம் தாது கரைந்ததுமே புளிப்பு அடங்கிவிடும் நிலையில், எவ்வளவு இழுத்துவிட முடியும்? 1934இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மெக்கன்ஸ், ஷெல்டன், விடோசன் ஆகிய மூவரும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் எலும்பு, காய்கறிச் சாறுகளை ஆய்வகத்தில் அளந்து பார்த்தார்கள். எலும்புச் சாறில் இருந்த கால்சியம், பாலில் இருப்பதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரு கோப்பைப் பாலில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஒரு கோப்பை எலும்பு சூப்பில் இருப்பது பொதுவாகச் சில மில்லிகிராமிலிருந்து சில பத்து மில்லிகிராம்தான்.

இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வருத்தமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் ஆறு மணி நேரம் நின்று செய்தது அப்பாவின் எலும்பைக் கூட்டுகிறது என்று நம்பியிருந்தேன். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போனபோது நேரடியாகவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. எலும்பு கூடுவதற்கு வேண்டியது போதுமான புரதம், கால்சியம், வைட்டமின் டி, சொல்லிக்கொடுத்த பயிற்சிகள், தினமும் எழுந்து நடப்பது, இவைதான் என்றார். "சூப் அதுக்குப் பதிலா இல்ல. ஆனா சூப் குடுக்கறதால அவர் கூட ரெண்டு வாய் சாப்பிடறார்னா, விடாம குடுங்க" என்றார்.

கூட இரண்டு வாய். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அதன் பிறகு நான் சூப் வைத்தேன்.

இங்கே இன்னொரு பழைய கதை சொல்ல வேண்டும். பாப்பானின் கனவு அவரோடு முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் டார்சே என்ற வேதியியலாளர், எலும்பிலிருந்து நீராவியால் ஜெலட்டின் எடுத்து சூப்பாக்கி மருத்துவமனைகளிலும் ஏழைகளுக்கும் கொடுக்கும் திட்டத்தை முன்னின்று நடத்தினார். இறைச்சிக்கு ஈடான மலிவான உணவு என்று பெரிய நம்பிக்கை. குடித்தவர்கள் முறையிட்டார்கள். பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு குழுவை அமைத்தது. பிரான்சுவா மஜாந்தி தலைமையில் பல வருடம் சோதித்து, 1841இல் அறிக்கை தந்தார்கள். ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் மெலிந்து செத்துப்போயின. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1901இல் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபானைப் பிரித்தெடுத்த பிறகுதான் காரணம் விளங்கத் தொடங்கியது. உடம்பால் தானே உண்டாக்க முடியாத, உணவிலிருந்தே வர வேண்டிய அந்த அமிலம் ஜெலட்டினில் அறவே இல்லை. வேறு சிலவும் குறைவு. ஜெலட்டின் புரதம்தான், ஆனால் முழுமையான புரதம் கிடையாது.

எனக்கு இந்தக் கதையிலிருந்து கிடைத்தது ஒரு முட்டை. சூடான சூப்பில் ஒரு முட்டையை அடித்து, நூல் மாதிரி மெல்ல ஊற்றிக் கலக்கினேன். முட்டையில் டிரிப்டோஃபான் இருக்கிறது, ஆறு கிராம் வரை நல்ல புரதமும் இருக்கிறது. சூப்பின் வழுவழுப்பில் முட்டை மிருதுவாகத் திரண்டு நின்றது. தனியாக அவித்த முட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட அப்பா, அதைக் கிண்ணத்தோடு வாங்கிக் குடித்தார். மறுநாள் எலும்பில் ஒட்டியிருந்த கறியை உதிர்த்துப் போட்டேன். அதற்கடுத்த வாரம் பருப்பைத் தண்ணீருக்குப் பதிலாகச் சூப்பிலேயே வேகவைத்தேன். இரண்டு கவளத்தில் தட்டைத் தள்ளியவர் ஐந்தாறு கவளம் சாப்பிட ஆரம்பித்தார். பால் தனியாக, மாத்திரை தனியாக, நடை தனியாக நடந்துகொண்டிருந்தது. சூப் அவற்றின் வேலையைச் செய்யவில்லை. சாப்பாட்டை உள்ளே கூட்டிக்கொண்டு போகும் வேலையைச் செய்தது.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன், இது யாருக்கும் நடக்கக் கூடாது. ஒரு நாள் இரவு பத்து மணிக்குச் சூப்பை இறக்கினேன். நல்ல அசதி. "ஆறட்டும், காலையில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம்" என்று மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஐந்து லிட்டர் பாத்திரம். காலையில் மூடியைத் திறந்தால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. லேசான புளிப்பு வாடை. மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. நல்ல வேளை, செய்யவில்லை. முழுவதையும் கொட்டினேன். கொதிக்கும் சூட்டையும் தாங்கிப் பிழைக்கும் வித்துகளைக் கொண்ட கிருமிகள் இறைச்சியில் உண்டு. ஆறுகிற சூப், குறிப்பாக ஆழமான பாத்திரத்தில் மெதுவாக ஆறுகிற சூப், அவை முளைத்துப் பெருகுவதற்குத் தோதான இடம். 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவில் சூப் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு ஆபத்து. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. வயதானவருக்கு, அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு, இதில் துணிந்து பார்க்க எதுவுமே இல்லை.

இப்போது வடிகட்டியதும் அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அவற்றைப் பச்சைத் தண்ணீரும் ஐஸ்கட்டியும் நிறைந்த தொட்டியில் வைத்து, கரண்டியால் அவ்வப்போது கலக்கிவிடுகிறேன். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்குக் கீழே வர வேண்டும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு. கலக்கினால் அரை மணி நேரத்திலேயே கைபொறுக்கும் சூட்டுக்குக் கீழே வந்துவிடுகிறது. உடனே ஃப்ரிட்ஜ். அங்கே மூன்று, நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டியதை அன்றே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும், இரண்டு மூன்று மாதம் சுவை கெடாமல் இருக்கும். ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டிகளாக உறையவைத்தால், ஒரு கிண்ணத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடிப் புட்டியில் வைத்தால் வாய்ப்பக்கம் இடம் விட வேண்டும், உறையும்போது விரிந்து புட்டி விரிசல் விடும். மொத்தத்தையும் தினமும் சூடாக்கிச் சூடாக்கி வைக்காமல், வேண்டிய அளவை எடுத்து அதை மட்டும் நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிப்பது நல்லது.

ஃப்ரிட்ஜில் வைத்த சூப்பின் மேலே கொழுப்பு வெள்ளைத் தகடாக நிற்கும். அப்படியே பெயர்த்து எடுத்துவிடலாம். தூக்கிப் போட வேண்டாம், காய் வதக்க மிக நன்றாக இருக்கும்.

வெந்த எலும்பை நாய்க்குப் போடாதீர்கள். வேகவைத்த எலும்பு கூராகச் சிலும்பும், தொண்டையிலும் குடலிலும் குத்தும். வெங்காயம் போட்ட சூப்பும் நாய்க்கு நஞ்சு.

யாருக்கெல்லாம் யோசித்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்களுக்கு, கௌட் மூட்டுவலி உள்ளவர்களுக்கு இறைச்சிச் சூப்பில் இருக்கும், உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் கெடுதல் செய்யலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பார்த்துப் போட வேண்டும். மூட்டுத் தேய்மானம் சரியாகும், தோல் இளமையாகும் என்று சொல்வதை நான் யாரிடமும் சொல்வதில்லை. குடித்த ஜெலட்டினை வயிறும் குடலும் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைத்துவிடும். அவை உடம்பு முழுக்கப் போகும், எங்கே வேண்டுமோ அங்கே செலவாகும். முழங்காலுக்கு மட்டும் வழி கேட்டுப் போகாது. உடம்பு புதிதாகக் கொலாஜன் பின்னவேண்டுமென்றால் அதற்கு வைட்டமின் சி வேண்டும். கிண்ணத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டைப் பிழிவதை நான் அதற்காகத்தான் தொடங்கினேன். இப்போது அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் சூப் முழுமையாக இல்லை என்று தோன்றுகிறது.

உறையாமல் போன சூப்பைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, குடிக்கலாம். பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகியிருக்கும். மூடியைத் திறந்து வைத்துக் கால் பங்கு வற்றவிட்டால் அடுத்த முறை ஆறும்போது உறைந்துவிடும். அப்படியும் உறையவில்லை என்றால் மூட்டும் பாதமும் போதவில்லை, அல்லது நேரம் மிகவும் குறைந்தோ மிகவும் கூடியோ போயிருக்கிறது.

அப்பா முதலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம்வரை நடந்தார். பிறகு சமையலறைவரை. நான் ஃப்ரிட்ஜைத் திறந்து கிண்ணத்தைச் சாய்த்துப் பார்ப்பதை அங்கே நாற்காலியில் உட்கார்ந்து தினமும் கவனித்திருக்கிறார். போன மாதம் ஒரு காலை நான் எழுந்து வரும்போது அவரே ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கைத்தடியில், மறுகையில் கிண்ணம். மெதுவாகச் சாய்த்தார். சூப் ஓரத்தை நோக்கி ஓடியது.

"உறையலையே" என்றார். "தண்ணி கூட ஊத்திட்ட போல."

"ஆமாப்பா. நேத்து அளக்காம ஊத்திட்டேன்."

"சரி, அடுப்பைப் பத்த வை. வத்தட்டும்" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டிவிட்டு, நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.